தாய்மாமன் காரின் ஏர்கான்

கோல சிலாங்கூரில் உச்சி வெயிலில் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஒருவர் கார் ஓட்டிப் போனால், அந்தக் காரில் ஏர்கான் வேலை செய்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்பதற்காகவே பல வாரங்கள் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன். உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கும் என் சட்டைக்கும் மட்டும் தெரியும்.

நான் குடியிருக்கும் தாமான் வீடுகளை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்று ஏற்றிக்கொள்வேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே போகும் சாலை வந்ததும் நான்கையும் இறக்கி, நீருக்கு மேலே தலை தூக்கியவன் போல மூச்சு வாங்குவேன். எதிரே தெரிந்தவர் மோட்டார் சைக்கிள் ஒன்று தென்பட்டால் மறுபடியும் ஏற்றுவேன். கையசைத்துச் சிரித்துக் கடந்துபோவேன். குளிரில் இருக்கிற மனிதனின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

காலையில் சாப்பாட்டுக் கடையில் என்னோடு உட்காருகிற நண்பர் ஒருவர் உண்டு. முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் கண்ணுக்கு மட்டும் தப்ப முடியவில்லை.

"என்னா சார், இப்படி ஊத்துது? காருலதானே வந்தீங்க?"

"காரை அந்தப் பக்கம் நிறுத்திட்டு நடந்து வந்தேன்."

"அந்தப் பக்கம்னா எது, ஈப்போவா? சட்டையப் புழிஞ்சா ரெண்டு கிளாஸ் தே ஓ வரும் போல இருக்கு லா."

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

நில அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதைத் தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் தடுமாற்றம் இல்லை என்று நம்பித் தலை நரைத்தவன். இன்றும் எங்கள் பக்கத்தில் யாருக்காவது நிலப்பட்டா பெயர் மாற்றவேண்டும், அடையாள அட்டை தொலைந்துவிட்டது, இறந்தவரின் சேமிப்பை எடுக்கவேண்டும் என்றால் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வருவார்கள். எந்தக் கவுண்டரில் எந்தப் படிவம், எந்த நகலில் யார் கையொப்பம் என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் கும்பிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கும். ஓய்வூதியத்தில் சேராத வருமானம் அது ஒன்றுதான்.

ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு வரி. மகளின் படிப்புக்கு என் பெயரில் வாங்கிய கடன், அவள் படித்து முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் என் கணக்கை விட்டு இறங்கவில்லை. மனைவி ஜொகூரில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே காரையும் கௌரவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வயதாகிவிட்டது.

ஏர்கான் கெட்டதும் நான் முறைப்படிதான் நடந்தேன். ஊரில் தெரிந்த பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் சீனர். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, மூக்கை வைத்து, உதட்டைப் பிதுக்கினார். கூலிங் காயிலில் ஓட்டை, கேஸ் நிற்காது, அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்றவேண்டும், கம்ப்ரஸரும் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "கொட்டேஷன் எழுதித் தாருங்கள்" என்றேன். எதற்கு என்பது போல் பார்த்துவிட்டு எழுதித் தந்தார்.

அடுத்து தஞ்சோங் காராங்கில் ஒரு பட்டறை. மூன்றாவதாகப் புக்கிட் ரோத்தானில் ஒன்றைக் குறித்து வைத்தேன். அரசாங்க அலுவலகத்தில் எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் எடுக்கவேண்டும், மேசை விசிறியானாலும் சரி. அங்கே மூன்று எடுப்பது மலிவானதை வாங்குவதற்கு. நான் எடுத்தது வாங்காமல் இருப்பதற்கு. மூன்றாவது பட்டறைக்கு நான் போகவே இல்லை. அது வராதவரை கோப்பு நிலுவையில் இருக்கிறது, காசில்லை என்று அர்த்தமில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை எனக்கு நானே செய்துகொண்டு, வேர்த்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கையின் மகனுக்கு நிச்சயம் வந்தது.

என் தங்கை தஞ்சோங் காராங்குக்கு உள்ளே, தோட்டத்தை அழித்த பிறகு கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. புருஷன் இறந்து வெகுகாலமாகிவிட்டது. முதலில் மூச்சு வாங்குகிறது என்றார்கள், பிறகு நெஞ்சு என்றார்கள், பிறகு முடிந்துவிட்டது. ஒரே பையன். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே வேலை செய்கிற பெண்ணைத்தான் பிடித்துப்போனது. பெண்ணின் வீடு சுங்கை ஆயர் தாவாரில். கொஞ்சம் செம்பனை நிலம், ஒரு மளிகைக் கடை என்று வசதியான குடும்பம். அப்பன் இல்லாத வீடு, என்ன வியாதியோ என்று ஆரம்பத்தில் கொஞ்சம் தயங்கியவர்கள்தான். பையனின் சம்பளத்தையும் குணத்தையும் பார்த்துச் சம்மதித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைப்படையில் தட்டு வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். வெற்றிலை, பழம், பூ, புடவை, இனிப்பு, சாக்லேட், கேக் என்று ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டி எடுத்துப் போவோம். வாசலில் சுமங்கலிகள்தான் தட்டைத் தூக்கிப் போகவேண்டும். தங்கை தூக்க முடியாது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால், தட்டைத்தான் வாசலில் தூக்க முடியாது, தட்டில் இருக்கிற கேக்காவது தன் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். கிளினிக்கில் ஒரு தாதியிடம் பட்டர் கேக்கும், மேலே போடுகிற கிரீமும் கற்றுக்கொண்டிருக்கிறாள். இது எனக்கு அவள் போன் செய்தபோதுதான் தெரியும்.

"அண்ணே, ஒரு வேன் பேசிரலாம்னு பாக்குறேன். சாமான் எல்லாம் ஒண்ணா வந்துரும்ல."

"வேன் எதுக்கு? வீண் செலவு. அதான் என் கார் இருக்கே. உன் மகனோட கூட்டாளி வேற ஏழு பேரு உக்கார்ற கார் கொண்டாறான்."

"அப்பன்னா கேக்கயும் சாக்லேட்டயும் அந்தப் பையன் காருல வச்சிரட்டா? புதுக் காரு. ஏர்கான் நல்லா இருக்கும்."

அவள் எதையும் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

"அதெப்படி? கேக்கும் இனிப்பும் தாய்மாமன் காருலதான் வரணும். அதுதான் முறை."

"அப்படியாண்ணே? எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது. நீங்க சொன்னா சரி."

எனக்கும் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த நொடியில் நான் உண்டாக்கிய முறை அது. பரிசத்துக்குப் போகிற வழக்கம் தோன்றிய காலத்தில் கார் இருந்ததா என்று அவள் கேட்டிருக்கலாம். நான் சொன்னதால் கேட்கவில்லை.

நிச்சயத்துக்கு முன் பட்டறைக்குப் போய் கேஸ் மட்டும் ஏற்றச் சொன்னேன். அதற்கான காசு கையில் இருந்தது. பட்டறைக்காரர், ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, கேஸ் போய்விடும், பிறகு என்னைக் குறை சொல்லாதே என்று மலாயில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குமா என்று கேட்டேன். கையை விரித்தார். அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில்லென்று காற்று வந்தது. அன்றைக்கே அதைச் சிக்கனமாக வைத்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், சாப்பாட்டுக் கடைக்குப் போய் லோரி நண்பரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, தேவையே இல்லாமல் பசார் வரைக்கும் ஒரு சுற்று, ஆற்றங்கரை வரைக்கும் ஒரு சுற்று வந்தேன்.

"சார், காது அடைக்குது. கொறைங்க லா."

"பழக்கமில்லாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"பெங்குவின் வளக்கப் போறீங்களா, என்னா?"

எனக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது.

ஞாயிறு காலை தங்கை வீட்டுக்குப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. கேக் நிஜமாகவே நன்றாக இருந்தது. வெள்ளைக் கிரீமில் ஓரமெல்லாம் பூ, நடுவில் பையனுடைய எழுத்தும் பெண்ணுடைய எழுத்தும் சிவப்பில். தங்கமுலாம் தாளில் சுற்றிய உருண்டைச் சாக்லேட்டுகளைக் கூம்பாக அடுக்கி இன்னொரு தட்டு. உறவுக்காரப் பெண்களும் பையனும் மற்றத் தட்டுகளோடு நண்பனின் காரில் ஏறிக்கொண்டார்கள். பின் இருக்கையில் கேக்கை ஒரு பக்கமும் சாக்லேட்டை ஒரு பக்கமும் வைத்து, நடுவில் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்தாள். பச்சைப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். அவள் பட்டுக் கட்டி நான் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"ஜில்லுனு இருக்குண்ணே," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தஞ்சோங் காராங் பட்டணத்தைத் தாண்டினோம். வயல் தொடங்கிய இடத்தில் காற்றின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். விசிறி ஓடும், குளிர் வராது. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், பொத்தானை அணைத்துப் போட்டேன். வியாதிக்காரனைத் தட்டி எழுப்புவது போல டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அண்ணே, காத்து கொஞ்சம் சூடா வருதோ?"

"வெயில் இந்தப் பக்கம் அடிக்குது. ரோடு திரும்புனா சரியாயிரும்."

செகிஞ்சான் வரை அந்தச் சாலை கோடு போட்டது போல் போகும். திரும்பவே திரும்பாது. அவளும் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான்.

"கண்ணாடிய எறக்கட்டாண்ணே?"

"எறக்காத. அறுப்பு நேரம், தூசி விழும். பூவும் வாடிப்போயிரும்."

தூசி உண்மை. ஆனால் நண்பனின் கார் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் இருக்கையிலிருந்து பெண்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். தாய்மாமன் காரில் கண்ணாடி இறங்கியிருப்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. எனக்குப் பின்னால் என் தங்கை அட்டை மூடி ஒன்றை எடுத்துக் கேக்குக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் நெற்றி வேர்வை இமையில் இறங்கியது. அதைத் துடைக்காமல் கேக்குக்கு விசிறினாள்.

"அண்ணே, எழுத்து எறங்குது."

செகிஞ்சானில் ஒரு மீன்கடை முன்னால் நிறுத்தினேன். அங்கே ஐஸ் கிடைக்கும். மீன் வைக்கிற வெள்ளை நுரைப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். கடைக்காரம்மா குழாயைக் காட்டினாள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவு கழுவென்று கழுவினேன்.

"மீனு வாட வருதுண்ணே."

"அதெல்லாம் போயிருச்சு. நல்லாக் கழுவிட்டேன்."

"வேணாம்ணே. எறங்குனா எறங்கட்டும். இதுல வைக்க வேணாம்."

"ஐஸ் வச்சாத்தான் நிக்கும். சொல்றதக் கேளு."

கேட்டாள். அவள் எப்போதும் கேட்பவள். கேக் இருந்த இடத்தில் பூத்தட்டை வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பட்டுப் புடவையில் ஐஸ் தண்ணீர் வழிந்தது.

சுங்கை ஆயர் தாவாரில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சுமங்கலிகள் வந்து ஆளுக்கொரு தட்டாகத் தூக்கினார்கள். சாக்லேட் கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாளுக்குள் எல்லாம் சப்பையாகியிருந்தது. கேக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக் கண்ணாடித்தாளால் மூடியபோது கிரீம் கொஞ்சம் நின்றிருந்தது. எழுத்துத்தான் எந்த எழுத்து என்று தெரியவில்லை. ஆனால் நடுக்கூடத்தில் வைத்துக் கண்ணாடித்தாளைப் பிரித்ததும் கெம்போங் மீன் வாடை குப்பென்று எழுந்தது. சைவச் சாப்பாடு சமைத்துச் சாம்பிராணி போட்டிருந்த வீடு அது.

பெண்ணின் அத்தை ஒருத்தி, வாய்த்துடுக்கானவள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கேக்கு ரோட்டு வழியா வரலியா? கடல் வழியா வந்துச்சா?"

கூடமே சிரித்தது. என் மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லாரும் கேக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அது யார் காரில் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தாய்மாமன் காரில்தான் வரவேண்டும் என்பது முறை என்று நண்பனின் காரில் வந்தவர்கள் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அப்போது என் தங்கை முன்னால் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வீசிங் இருக்கு. ஏர்கான் காத்து ஒத்துக்காது. அண்ணன்கிட்ட நான்தான் அத அடைக்கச் சொன்னேன். ஐஸ் பொட்டி வாங்கச் சொன்னதும் நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

அவளுக்கு வீசிங் கிடையாது. எட்டு மணி நேரம் கூட்டித் துடைக்கிறவள். எங்கள் குடும்பத்திலேயே மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதும்போதும் அதுதான் கூசுகிறது. அப்பாடா என்று இருந்தது.

பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. "வீசிங்கா? எப்பருந்து?" என்றாள்.

"கொஞ்ச நாளாத்தான்."

"உங்க வீட்டுக்காரருக்கும் மொதல்ல மூச்சு வாங்கித்தானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? ராத்திரில ஆள் பக்கத்துல இருக்கணுமா?" என்றாள்.

ஒரு பொய் சொல்லத் தெரிந்த தங்கைக்கு அதற்கு அடுத்த பொய் தெரியவில்லை. வாய்த்துடுக்கு அத்தை பக்கத்திலிருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒரே புள்ள. அப்ப நம்ம பொண்ணுதான் பாக்கணும்." பெண்ணின் அப்பா எழுந்து, "ஒரு நிமிஷம் உக்காருங்க, வந்துர்றோம்," என்று சொல்லிவிட்டு மனைவியோடு உள்ளே போனார். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

என் மருமகன் அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதை யாரும் எனக்கு விளக்கவேண்டியதில்லை. அந்த நிச்சயம் நிற்குமா நிற்காதா என்பது என் ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் உட்கார்ந்தேயிருந்தேன். எதிரே மேசையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. முதல் வெற்றிலை யார் கையில் யார் கொடுக்கவேண்டும், என்ன வார்த்தை சொல்லவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எழுந்து போய், என் காரில் ஏர்கான் ஓடவில்லை என்று சொல்ல மட்டும் கால் வரவில்லை. மருமகன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது வேர்வையா என்று நான் பார்க்க விரும்பவில்லை.

எழுந்தேன். தங்கை என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். நான் கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"ஒரு சின்ன விளக்கம்," என்றேன். "வாகனத்துல எதிர்பாராத ஒரு தொழில்நுட்பக் கோளாறு. சம்பந்தப்பட்ட பாகத்த மாத்துறதுக்கான ஏற்பாடு இப்ப பரிசீலனைல..."

பெண்ணின் அப்பா கடைக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வெளங்கலியே, ஐயா," என்றார்.

"என் காரு ஏர்கான் கெட்டுப்போயிருச்சு," என்றேன். "ரொம்ப நாளாச்சு. சரி பண்ண எங்கிட்ட காசில்ல. வெளிய தெரியக்கூடாதுன்னு கண்ணாடிய ஏத்திவிட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன். என் தங்கச்சிக்கு வீசிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்காகப் பொய் சொன்னா."

பெண்ணின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "அட! இதுக்குத்தானா?" என்று கதவைத் திறந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒண்ணும் இல்லப்பா! இவரு காருல ஏர்கான் போயிருச்சாம்! செய்யக் காசில்லயாம்! அவ்வளவுதான்!" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார்.

நிச்சயம் நடந்தது. வெற்றிலை மாற்றினோம். எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் என் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். பானட்டைத் திறந்தார்கள். ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். தெலோக் இந்தானில் பழைய சாமான் கடையில் கம்ப்ரஸர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார் ஒருவர். தன் காரில் மூன்று வருடமாக ஏர்கானே இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறேன், அதனால் என்ன என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு இளைஞன், நல்ல பிள்ளை, என் தோளில் கைவைத்து, "மாமா, யோசிக்காதீங்க. நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செஞ்சுரலாம்," என்றான். அத்தையின் கேலியைத் தாங்கியவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதால் கேக் தட்டில் வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை. அது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, தங்கையும் கேட்கவில்லை.

திரும்பும்போது நண்பனின் காரில் அவளுக்கு இடம் இருந்தது. "அம்மா, இங்க வாங்க, ஜில்லுனு இருக்கு," என்று மகன் கூப்பிட்டான். அவள் என் காரின் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சபாக் பெர்ணம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கேக்கு நாறினதுக்குக்கூட எனக்குக் கோவம் வரலண்ணே."

"தெரியும்."

"என்னா தெரியும்? நான் வேன் பேசட்டான்னு கேட்டப்ப நீங்க சொல்லியிருக்கணுமா இல்லியா? ஊரு பூரா உங்களக் கேட்டு நடக்குது. நான் உங்க தங்கச்சி. எங்கிட்ட சொல்ல உங்களுக்கு என்னா?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"நான் சீக்காளின்னு பேரு எடுத்தா எடுத்துட்டுப் போறேன். நீங்க அங்க எல்லாரு முன்னாடியும் காசில்லன்னு..." மடியிலிருந்த ஈரப் புடவையை உதறிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் வேறு குரலில் கேட்டாள்: "அண்ணே, கேக்கு தாய்மாமன் காருலதான் வரணும்னு நெசமாவே முறை இருக்கா?"

"இல்ல."

"நெனச்சேன்."

பிறகு, "கண்ணாடிய எறக்குங்க," என்றாள்.

நான்கையும் இறக்கினேன். அறுத்த வயலின் தூசியும் வைக்கோல் வாசனையும் உள்ளே வந்தன. செகிஞ்சானில் சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து காரிலிருந்த யாரோ எங்களைப் பார்த்தார்கள். என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அவள் வேன் பேசிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். "நீங்க ஓட்ட வேணாம்ணே. சும்மா உக்காந்து வாங்க." சரி என்றேன். மூன்றாவது கொட்டேஷன் இன்னும் எடுக்கவில்லை. இப்போது எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லோரி நண்பருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, "பெங்குவின் செத்துப்போச்சாமே சார்," என்று துக்கம் விசாரித்தார்.

கல்யாண மண்டபத்தில் நான் நுழைந்ததும் பெண் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். "ஏர்கான் மாமா வந்துட்டாரு!" என்று சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எனக்கு வேறு பெயர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா மணவறைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். மண்டபத்து ஓரத்தில் ஆள் உயர ஏர்கூலர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களுக்குன்னு வச்சிருந்தேன், சம்பந்தி. இங்க உக்காருங்க, நல்லா குளுகுளுன்னு வரும்," என்றார்.

உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. ஈரக் காற்று. வேட்டி படபடத்தது, கண்ணில் நீர் வந்தது. மேடையில் தாலி ஏறும்போது தங்கை தூரத்தில் ஒரு தூணோரமாக நின்று என்னைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறேன் என்று அவளுக்குக் கையால் காட்டினேன். எனக்குக் குளிர்ந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.